வெள்ளைக் கப்பலும் விளக்கணைந்த ஆஸ்பத்திரியும்

சூறாவளி ஓய்ந்த பிறகு ஒரு வெள்ளைக் கப்பல் வருகிறது. பக்கவாட்டில் பெரிய சிவப்புச் சிலுவை. உள்ளே ஆயிரம் படுக்கை, பன்னிரண்டு ஆபரேஷன் அறை. பத்திரிகைகள் முதல் பக்கத்தில் அதன் படத்தைப் போடுகின்றன. டெலிவிஷன்காரர்கள் அதைச் சுற்றிச் சுற்றிக் காட்டுகிறார்கள். "வந்துவிட்டது உதவி!" என்று மந்திரிகள் மார் தட்டுகிறார்கள்.

"நமக்கும் இப்படி ஓர் ஆஸ்பத்திரிக் கப்பல் வேண்டும். சென்னைத் துறைமுகத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டால் எண்ணூருக்கும் திருவொற்றியூருக்கும் புயல் பயம் விட்டது" என்று பேசுகிறவர்கள் உண்டு. நல்ல எண்ணத்தோடு பேசுகிறவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். ஜனங்களின் கண்ணைக் கட்டுவதற்காகப் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். இரு சாராருக்கும் நாம் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும்.

நாம் கப்பலுக்கு விரோதியல்ல. அதில் இரவு பகல் பாராமல் வேலை செய்யும் டாக்டரும் நர்ஸும் மாலுமியும் உழைப்பாளிகள்; அவர்களுடைய சேவையைக் குறைத்துப் பேச நமக்கு மனமும் இல்லை, நியாயமும் இல்லை. நாம் சொல்வது ஒன்றே ஒன்று: கரையில் ஆஸ்பத்திரி ஒழுங்காக நிற்காவிட்டால், கடலில் மிதக்கும் ஆஸ்பத்திரியால் ஏழையின் உயிர் பிழைக்காது. இதை நாம் ஆவேசத்தில் சொல்லவில்லை. உலகத்திலேயே பெரிய ஆஸ்பத்திரிக் கப்பலின் கதையை வைத்துச் சொல்கிறோம்.

53 நாளில் 290 பேர்

அமெரிக்கக் கடற்படையிடம் இரண்டு ஆஸ்பத்திரிக் கப்பல்கள் உண்டு. ஒன்றின் பெயர் 'மெர்ஸி', அதாவது கருணை. மற்றொன்று 'கம்போர்ட்', அதாவது ஆறுதல். இரண்டும் பழைய எண்ணெய்க் கப்பல்கள். 1980-களில் ஆஸ்பத்திரியாக மாற்றிக் கட்டப்பட்டவை.

2017 செப்டம்பர் 20-ம் தேதி 'மரியா' என்னும் சூறாவளி போர்ட்டோ ரிக்கோ தீவைத் தாக்கியது. அது அமெரிக்காவின் ஆட்சிக்கு உட்பட்ட தீவு. கரும்புத் தோட்டமும் காப்பித் தோட்டமும் கண்ட பூமி. அங்குள்ள ஜனங்கள் அமெரிக்கப் பிரஜைகள். ஆனால் தீவில் இருக்கும் வரையில் அமெரிக்க ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்க அவர்களுக்கு வோட்டு இல்லை. சூறாவளியில் தீவு முழுவதும் மின்சாரம் அறுந்தது. ரோடுகள் உடைந்தன. டெலிபோன் ஊமையாயிற்று. ஆஸ்பத்திரிகள் டீசலுக்குத் தவித்தன.

'கம்போர்ட்' கப்பல் எப்போது போய்ச் சேர்ந்தது தெரியுமா? அக்டோபர் 3-ம் தேதி. புயல் அடித்துப் பதின்மூன்று நாள் கழித்து! தன்னுடைய ஆட்சிக்கு உட்பட்ட தீவுக்கு, தன்னுடைய கப்பலை அனுப்ப, உலகத்தின் மிகப் பெரிய பணக்கார சர்க்காருக்குப் பதின்மூன்று நாள் தேவைப்பட்டது.

வந்த பிறகாவது என்ன நடந்தது? அந்தப் பயணத்துக்காக 250 படுக்கைகள் தயார் செய்யப்பட்டிருந்தன. 53 நாளில் படுக்கையில் சேர்க்கப்பட்டவர்கள் 290 பேர். நாளொன்றுக்குச் சராசரி ஆறு பேர் கூட இல்லை! இதை அமெரிக்கப் பத்திரிகைகளே எழுதின.

ஏன் இப்படி? தீவில் நோயாளிகள் இல்லையா? இருந்தார்கள், ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். ஆனால் கப்பலில் ஏற வேண்டுமானால் கரையிலுள்ள பெரிய ஆஸ்பத்திரி பார்த்துச் சிபாரிசு செய்து அனுப்ப வேண்டும். மலைக் கிராமத்துக் கிழவி அந்த ஆஸ்பத்திரிக்கு எப்படி வருவாள்? ரோடு இல்லை. பஸ் இல்லை. ஆம்புலன்ஸைக் கூப்பிட டெலிபோன் இல்லை. ஆகவே நோயாளி குடிசையில் கிடந்தார். படுக்கை கப்பலில் கிடந்தது. நடுவே கடல் மட்டுமா இருந்தது? சிபாரிசுச் சீட்டும் இருந்தது.

அக்டோபர் கடைசியில் கப்பலைத் துறையோடு அணைத்துக் கட்டி, சீட்டு இல்லாமல் வருகிற வெளிநோயாளிகளையும் பார்க்கத் தொடங்கினார்கள். அதற்குப் பிறகுதான் கூட்டம் வந்தது. கடைசிக் கணக்கில் சுமார் 1,900 பேருக்கு வைத்தியம் நடந்தது. இதிலிருந்தே பாடம் தெரியவில்லையா? கப்பல் கரையைத் தொட்டபோதுதான் அதனால் ஜனங்களுக்குப் பயன் கிடைத்தது.

செத்தவர்கள் எத்தனை பேர்? முதலில் சர்க்கார் சொன்ன கணக்கு 64. ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகம் ஆராய்ந்து 2018-ல் சொன்ன கணக்கு 2,975. போர்ட்டோ ரிக்கோ சர்க்காரே பின்னர் அதை ஒப்புக்கொண்டது. காற்றும் வெள்ளமும் ஒரே நாளில் அத்தனை பேரையும் கொன்றுவிடவில்லை. அது ஆறு மாதத்துக் கணக்கு. மின்சாரம் இல்லாமல், நல்ல தண்ணீர் இல்லாமல், மருந்து கிடைக்காமல், ரத்தம் சுத்தி செய்யும் டயாலிசிஸ் இயந்திரம் ஓடாமல் கிழவர்களும் ஏழைகளும் ஒவ்வொருவராக மடிந்தார்கள். சூறாவளி ஒரு நாளில் போய்விட்டது. ஏழைக்கு வந்த சாவு ஆறு மாதம் தங்கிவிட்டது.

2005-ல் 'கத்ரீனா' சூறாவளி நியூ ஆர்லியன்ஸ் நகரத்தை மூழ்கடித்தபோதும் இதே கதைதான். அங்கே கறுப்பு ஜனங்கள் கூரைமீது நின்று தண்ணீருக்கும் மருந்துக்கும் கதறிக்கொண்டிருந்தார்கள். கூப்பிடு தூரத்திலுள்ள கியூபா 1,586 டாக்டர்களை மருந்துப் பையோடு தயாராக வைத்துக்கொண்டு, "அனுப்புகிறோம்" என்று சொன்னது. அமெரிக்க சர்க்கார் ஒரு டாக்டரைக் கூட உள்ளே விடவில்லை. கருணை என்று கப்பலுக்குப் பெயர் வைக்கத் தெரிந்தவர்களுக்கு, கருணையோடு வந்தவனை வரவேற்கத் தெரியவில்லை!

கூண்டு ஏறினால் கப்பல் எங்கே?

துறைமுகத் தொழிலாளர்களுக்கு நாம் இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற ஏற என்ன நடக்கிறது? துறைமுகத்திலுள்ள கப்பல்களை ஆழ்கடலுக்குப் போகச் சொல்லி உத்தரவு வருகிறது. கரையோடு கட்டிக் கிடந்தால் அலை அடித்து, கப்பலும் உடையும், துறையும் உடையும். ஆகவே புயல் நாளன்று சென்னைத் துறைமுகத்தில் கப்பலே இருக்காது. ஆஸ்பத்திரிக் கப்பலானாலும் அதே சட்டம்தான். இடிந்த சுவருக்கடியில் குழந்தை கிடக்கும் அந்த முதல் ராத்திரியில், பிரசவ வலி எடுத்த பெண்ணை இடுப்பளவு தண்ணீரில் தூக்கிக்கொண்டு ஓடும் அந்த முதல் ராத்திரியில், கப்பல் எத்தனையோ மைலுக்கு அப்பால் நின்றுகொண்டிருக்கும்.

விவசாயத் தொழிலாளத் தோழர்களின் கதை இன்னும் மோசம். 2018 நவம்பர் 16-ம் தேதி 'கஜா' புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரை ஏறியது. தென்னை சாய்ந்தது, குடிசை பறந்தது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. வாரக்கணக்கில் ஊர்கள் இருட்டில் கிடந்தன. வேதாரண்யத்துக்குத் தெற்கே பாக் ஜலசந்தி ஆழமில்லாத கடல்; மணல் திட்டுகள் நிறைந்த கடல். முப்பது அடிக்கு மேல் ஆழம் கேட்கும் ராட்சசக் கப்பல் அங்கே எப்படிக் கரைக்கு வரும்? வந்ததென்றே வைத்துக்கொள்வோம். வாய்க்கால் உடைந்து, வரப்பு மூழ்கி, உள்ளே பத்துக் கல் தொலைவில் சேரியில் காய்ச்சலோடு கிடக்கும் கூலிக்காரனை அதில் யார் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள்?

யாருடைய கப்பல்? எதற்காகக் கட்டிய கப்பல்?

ஆஸ்பத்திரிக் கப்பல் என்பது புயலுக்காகப் பிறந்ததல்ல, யுத்தத்துக்காகப் பிறந்தது. இதற்கு நம் சென்னையிலேயே சாட்சி உண்டு.

1914 செப்டம்பர் 22-ம் தேதி ராத்திரி 'எம்டன்' என்ற ஜெர்மன் கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகள் மீது குண்டு வீசியது. பாட்டிமார் இன்றும் அந்தப் பெயரைச் சொல்லித் துஷ்டப் பிள்ளைகளைத் திட்டுவார்கள். அதே ஆண்டில் இங்கே யுத்த நிதி வசூலிக்கப்பட்டது. அந்த நிதியில் 'டாண்டா' என்ற கப்பலுக்கு ஆஸ்பத்திரி வேஷம் கட்டி, 'மெட்ராஸ்' என்று பெயர் சூட்டினார்கள். வெள்ளைக்கார ஏகாதிபத்தியத்தின் சண்டையில் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் மெசபடோமியாவிலும் அடிபட்ட சோல்ஜர்களை அது ஏற்றி இறக்கியது. மாகாணத்தின் பணம், மாகாணத்தின் பெயர். ஆனால் மாகாணத்து ஏழைக்குப் புயல் அடித்தால் அப்படி ஒரு கப்பல் இல்லை.

இன்று கதை மாறிவிட்டதா? 'மெர்ஸி'யும் 'கம்போர்ட்'டும் அமெரிக்கக் கடற்படையின் கடல் போக்குவரத்துப் படையைச் சேர்ந்தவை. அவற்றின் முதல் வேலை அமெரிக்கச் சிப்பாய்க்கு யுத்த களத்தில் வைத்தியம் செய்வது. நிவாரணம் இரண்டாவது வேலை. இராக்கின் மீது நடந்த இரண்டு யுத்தங்களிலும் 'கம்போர்ட்' போய் நின்றது. வலது கையால் குண்டு போட்டு இடது கையால் கட்டுப் போடும் வித்தை இதுதான்.

அந்தப் படையைச் சேர்ந்த கப்பல்கள் நமக்குத் தூரத்து விஷயமுமல்ல. 2022 ஆகஸ்டில் அதைச் சேர்ந்த 'சார்லஸ் டுரூ' என்ற சரக்குக் கப்பல் எண்ணூருக்கு வடக்கே காட்டுப்பள்ளித் தளத்துக்கு ரிப்பேருக்கு வந்தது. அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்று இந்தியாவில் ரிப்பேர் செய்யப்பட்டது அதுதான் முதல் தடவை. 2023-ல் அதற்கென்று ஒப்பந்தமும் கையெழுத்தாயிற்று. அந்நியப் போர்ப்படையின் கப்பலைப் பழுது பார்க்கக் காட்டுப்பள்ளியில் இடமும் இயந்திரமும் கைத்திறனும் இருக்கின்றன. நம் கடற்கரைக்கு நாலு மருத்துவப் படகு கட்ட மட்டும் அங்கே இடமில்லையா?

நம் கடற்படையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது கடல் ஆழத்தை அளக்கும் கப்பல்களான 'ஜமுனா'வையும் 'நிரூபக்'கையும் அவசரமாக ஆஸ்பத்திரியாக மாற்றினார்கள். 'நிரூபக்' இந்தோனேசியாவின் மெலாபோ நகரத்துக்குப் போய், ஜனவரியிலேயே வைத்தியம் செய்தது. ஆயிரம் படுக்கை 'மெர்ஸி' அங்கே வந்தது பிப்ரவரியில்தான். சின்னக் கப்பல், பக்கத்துக் கப்பல், சீக்கிரம் வந்த கப்பல். அதுதான் காயத்துக்கு மருந்து போட்டது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் 'ஐராவத்' கப்பல் விசாகப்பட்டினத்திலிருந்து சென்னைக்கு நிவாரணத்தோடு வந்ததையும் நாம் மறக்கவில்லை. நல்லதை நல்லது என்று சொல்ல நாம் தயங்கியதில்லை.

எண்ணூருக்குத் தேவைப்பட்டது என்ன?

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் 'மிக்ஜாம்' புயல் மழையில் வடசென்னை மூழ்கியதை இந்தப் பத்திரிகை படிக்கும் யாரும் மறந்திருக்க முடியாது. மழைத் தண்ணீரோடு மணலியிலிருந்து கச்சா எண்ணெய்யும் பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றில் இறங்கியது. சி.பி.சி.எல். எண்ணெய் ஆலை வளாகத்திலிருந்து அது வந்தது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே பசுமைத் தீர்ப்பாயத்தில் சொல்லிற்று. எர்ணாவூர் வீடுகளின் சுவரில் ஆள் உயரத்துக்கு எண்ணெய்க் கோடு. காட்டுக்குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் எங்கும் படகும் வலையும் கறுத்தன. ஜனங்களுக்குக் கண் எரிந்தது, தோல் அரித்தது, மூச்சு முட்டியது.

அந்த எண்ணெய்யை அள்ளியது யார்? வெள்ளைக் கப்பலா? மீனவர்களே பக்கெட்டிலும் சொம்பிலும் அள்ளினார்கள். 2017 ஜனவரியில் எண்ணூர்க் கடலில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோதும் இதே பக்கெட்தான். ஆறு ஆண்டுக்குப் பிறகும் அதே பக்கெட்! அள்ளியவர்களின் குடும்பத்துக்கு நிவாரணம் 12,500 ரூபாய். படகுக்கு 10,000 ரூபாய். அவர்கள் உடம்பில் ஊறிப்போன விஷத்துக்கு எந்த டாக்டர் பொறுப்பு?

ஒரு மாதம் கூடக் கழியவில்லை. டிசம்பர் 26 நள்ளிரவில் பெரியகுப்பத்துக்கு அருகே உரத் தொழிற்சாலைக்குப் போகும் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா வாயு கசிந்தது. ஜனங்கள் மூச்சுத் திணறித் தூக்கத்திலிருந்து எழுந்து தெருவில் ஓடினார்கள். கிடைத்த ஆட்டோவிலும் மோட்டார் சைக்கிளிலும் ஆஸ்பத்திரியைத் தேடினார்கள். எண்ணூரில் வாயு கசிந்தாலும் எலும்பு முறிந்தாலும் கடைசியில் ஸ்டான்லிக்குத்தான் ஓட வேண்டும். நடுவே கண்டெய்னர் லாரி வரிசை. பெட்டிக்கு வழி விட்டுத்தான் நோயாளி போக வேண்டும்!

கட்டடம் பெரிதாக இருந்தால் மட்டும் போதுமா? 2015 வெள்ளத்தில் அடையாற்றங்கரையில் ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரிக்குள் தண்ணீர் புகுந்தது, மின்சாரம் நின்றது, 18 நோயாளிகள் இறந்தார்கள் என்று செய்தி வந்தது. லட்சம் லட்சமாகக் கட்டணம் வாங்கும் இடத்திலேயே இந்தக் கதி என்றால், ஓட்டு வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் சுகாதார நிலையத்தின் கதி என்ன?

வெள்ளம் வடிந்த பிறகு வருவது வயிற்றுப்போக்கும் காய்ச்சலும். அதைத் தடுப்பவர் யார்? சாக்கடையிலும் சகதியிலும் இறங்கிக் குப்பையை அள்ளும் துப்புரவுத் தொழிலாளி. அவர்தான் ஊரின் முதல் வைத்தியர். அவருக்குக் கிடைத்த மரியாதை என்ன? ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் துப்புரவு வேலையை 2025-ல் தனியார் காண்டிராக்டுக்குக் கொடுத்தார்கள். எதிர்த்து ரிப்பன் கட்டடத்தின் முன் 13 நாள் உட்கார்ந்த தொழிலாளர்களை நள்ளிரவில் கைது செய்து அப்புறப்படுத்தினார்கள். நோயைத் தடுப்பவரைத் தெருவில் இழுத்துப் போட்டுவிட்டு, நோய் வந்த பிறகு கப்பலைக் காட்டுவதா நிவாரணம்?

வேறு வழி உண்டு

"குறை சொல்வது சுலபம், வழி என்ன?" என்று கேட்பார்கள். வழி கண்ணெதிரே இருக்கிறது.

ஒடிசாவில் 1999-ல் பெரும் சூறாவளி சுமார் பத்தாயிரம் பேரை விழுங்கியது. அதற்குப் பிறகு கடற்கரை நெடுகப் புயல் பாதுகாப்புக் கட்டடங்கள் கட்டினார்கள். ஊருக்கு ஊர் ஆள் தயார் செய்தார்கள். 2013-ல் 'ஃபைலின்' புயல் வந்தபோது சுமார் பத்து லட்சம் பேரை முன்கூட்டியே அப்புறப்படுத்தினார்கள். சாவு பத்துக் கணக்கில் நின்றது. ஆயிரக் கணக்குக்குப் போகவில்லை.

கியூபாவில் 1963-ல் 'ஃபுளோரா' சூறாவளி ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. அந்தச் சின்ன நாடு அதிலிருந்து பாடம் கற்றது. தெருவுக்குத் தெரு டாக்டர். எந்த வீட்டில் கர்ப்பிணி, எந்த வீட்டில் நடக்க முடியாத கிழவர் என்று அவருக்குத் தெரியும். காற்று வருவதற்கு முன்பே அவர்களைக் கொண்டுபோய் விடுகிறார்கள். 2004-ல் 'ஐவன்' சூறாவளி மேற்குக் கோடியை உரசிப் போனபோது கியூபாவில் ஒரு சாவு கூட இல்லை. ஆயிரம் படுக்கைக் கப்பல் எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை.

கேரளத்தைப் பாருங்கள். 2017 'ஒக்கி' புயலில் கேரளத்து மீனவர்களும் நம் கன்னியாகுமரி மீனவர்களும் நடுக்கடலில் மாண்டார்கள். அதற்குப் பிறகு கேரள சர்க்கார் கொச்சி கப்பல் தளத்தில் மூன்று கடல் ஆம்புலன்ஸ் படகுகளைக் கட்டுவித்து 2020-ல் கடலில் இறக்கியது: 'பிரதீக்ஷா', 'பிரத்யாஷா', 'காருண்யா'. அவற்றின் வேகம் போதாது என்று குறையும் சொல்லப்பட்டது. குறை இருந்தால் திருத்தலாம்; இல்லாத படகைத் திருத்த முடியுமா? 2018 கேரள வெள்ளத்தில் 669 மீன்பிடிப் படகுகள் லாரியில் ஏறி ஊருக்குள் வந்து பல்லாயிரம் பேரை மீட்டன. 2015-ல் காசிமேட்டுப் படகும் சென்னைத் தெருவில் ஓடியதே! அந்த மீனவர்களை அழைத்துப் பயிற்சி கொடுத்துப் படியும் கொடுத்திருந்தால், ஒரு நிரந்தர மீட்புப் படையே இன்று நம்மிடம் இருக்குமல்லவா?

2025 நவம்பரில் 'டித்வா' புயல் இலங்கையைச் சீரழித்தது. அறுநூறுக்கும் மேற்பட்டோர் மடிந்தார்கள். மலையகத்தில் மண் சரிந்து லயன்களில் குடியிருந்த தோட்டத் தொழிலாளர்களும் புதைந்தார்கள். இந்தியக் கப்பல்கள் கொழும்புக்கும் திருகோணமலைக்கும் நிவாரணம் கொண்டுபோயின. ஆனால் நோயாளியைத் தொட்டு வைத்தியம் செய்ய, ராணுவ டாக்டர்கள் விமானத்தில் போய், உள்நாட்டில் மகியங்கனையில் கூடாரம் அடிக்க வேண்டியிருந்தது. கப்பல் சாமான் சுமக்கும். வைத்தியம் கரை ஏறித்தான் நடக்கும்.

நாம் கேட்பது

ஆகவே சர்க்காரிடம் நாம் கேட்பது இவை:

1. எண்ணூர், திருவொற்றியூர், மணலி ஜனங்களுக்கு இருபத்துநாலு மணி நேரமும் டாக்டரும் ஆபரேஷன் வசதியும் உள்ள சர்க்கார் ஆஸ்பத்திரி, வெள்ளம் ஏறாத உயரத்தில் வேண்டும். ஜெனரேட்டரும் மருந்துக் கிடங்கும் தரை மட்டத்தில் இருக்கக் கூடாது. மழைக்காலத்துக்கு முன்பே ஒரு வாரத்து மருந்தும் பிராணவாயுவும் டீசலும் நிரப்பப்பட வேண்டும்.

2. ஒவ்வொரு குப்பத்திலும் கர்ப்பிணி, டயாலிசிஸ் நோயாளி, நடக்க முடியாதவர் பட்டியல் இருக்க வேண்டும். கூண்டு ஏறும்போதே அவர்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

3. மீனவர் படகுகளைப் பதிவு செய்து, டீசலும் உயிர்க்கவசமும் நாள் படியும் கொடுத்து மீட்புப் படையாக்க வேண்டும். வடசென்னைக்கென்று மருத்துவப் படகுகள் வேண்டும்.

4. புயல் நாட்களில் ஆலைகளின் ஆம்புலன்ஸும் இ.எஸ்.ஐ. மருந்தகங்களும் எல்லா ஜனங்களுக்கும் திறந்திருக்க வேண்டும். எந்த ஆலையில் எந்த விஷம் இருக்கிறது, அதற்கு மாற்று மருந்து என்ன என்பது ஆஸ்பத்திரிக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

5. துப்புரவுத் தொழிலாளர்களையும் காண்டிராக்டில் உள்ள ஆஸ்பத்திரி ஊழியர்களையும் நிரந்தரமாக்க வேண்டும்.

6. டெல்டாவிலும் கடலோரத்திலும் விவசாயத் தொழிலாளிக்குக் காரை வீடும், மின்சாரம் போனாலும் இயங்கும் சுகாதார நிலையமும், வேலை இழந்த நாட்களுக்குக் கூலியும் வேண்டும்.

7. இவற்றுக்குத் துணையாகக் கப்பலும் வரட்டும்! கடல் அடங்கிய முதல் நாளே வரட்டும். துறையோடு கட்டட்டும். சிபாரிசுச் சீட்டுக் கேட்காமல், சட்டையில்லாமல் வருகிறவனையும் உள்ளே விடட்டும்.

இதற்கெல்லாம் பணம் எங்கே என்று கேட்பார்கள். வடசென்னையின் துறைமுகங்களிலும் அனல் மின் நிலையங்களிலும் எண்ணெய் ஆலையிலும் நாள்தோறும் உற்பத்தியாகும் செல்வம் யாருடைய வியர்வை? புகை நம் நெஞ்சுக்கு, சாம்பல் நம் ஆற்றுக்கு, லாபம் மட்டும் அவர்கள் பெட்டிக்கு என்றால் எந்த ஊர் நியாயம் அது?

தோழர்களே! ஐப்பசியும் கார்த்திகையும் ஆண்டு தவறாமல் வருகின்றன. அடுத்த புயல் வந்த பிறகு மனு எழுதிப் பயனில்லை. ஆலை வாசலிலும் குப்பத்திலும் சேரியிலும் இப்போதே கூட்டம் போடுங்கள். உங்கள் பகுதி ஆஸ்பத்திரிக்குப் போய், ஜெனரேட்டர் எந்த மாடியில் இருக்கிறது, ராத்திரி டாக்டர் இருக்கிறாரா, மருந்து எத்தனை நாளைக்கு இருக்கிறது என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் ஆயிரம் பேராகப் போய்க் கேளுங்கள்.

கரையில் நமது ஆஸ்பத்திரி எழும்பட்டும். பிறகு வருகிற கப்பலை நாமே மாலை போட்டு வரவேற்போம்!